பிரேசில்காரனின் முழங்கால்

கிளப்பில் எனக்கென்று தனி அறை கிடையாது. முதீரின் அறையிலேயே, கதவை ஒட்டிய மூலையில் என் டைப்ரைட்டர் மேசை. மேனேஜரை அங்கே முதீர் என்பார்கள். அவர் அந்த மண்ணின் அரபி. காலையில் துறைமுக ஆபீஸில் அவருக்கு வேறு உத்தியோகம்; சாயங்கால அஸர் தொழுகை முடிந்த பிறகுதான் கிளப்புக்கு வருவார். அவர் வந்துவிட்டால் அந்த அறையில் யார் என்ன பேசினாலும் என் காதில் விழாமல் போக வழியில்லை. பிரேசில்காரன் பேசியதெல்லாம் அப்படி விழுந்ததுதான். எனக்கு அதில் ஒரு வார்த்தையும் புரிந்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஷார்ஜாவில் ரோலாவிலிருந்து பஸ் ஏறிப் போகிற தூரத்தில் அந்தக் கால்பந்து கிளப். நான் பி.காம். முடித்து, டைப்பிங் ஹையர் பாஸ் செய்து, வந்து இறங்கிய புதிது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர். கால்பந்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் ஊர்ப் பள்ளியில் ஒரே ஒரு பந்து இருந்தது. அது தலைமையாசிரியர் அறை பீரோவின் மேல் இருக்கும். இன்ஸ்பெக்ஷன் அன்றைக்கு மட்டும் காற்றடித்து இறக்குவார்கள்.

இதைக் கிளப் பஸ் ஓட்டுகிற யாழ்ப்பாணத்து அண்ணனிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் ஊரில் பள்ளிக்கூட அணிக்கு ஆடியவர்.

"அப்ப நீர் பந்தை உதைச்சதே இல்லையோ?"

"இல்லண்ணே."

"கடவுளே! பிரேசில்காரன் வாற கிளப்பில, பந்து உதைக்காதவன் கிளார்க். உம்மட அரபிக்கு இது தெரியுமோ?"

"டைப்பிங் டெஸ்ட்தான் வச்சாங்க."

"நல்ல காலம். கோல் அடிக்கச் சொல்லேல்லை."

பிரேசில்காரன் வந்த அன்று அவனை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டி வந்ததும் இந்த அண்ணன்தான். உயரமான ஆள், முப்பதை நெருங்கும் வயது. கன்னத்தில் பழைய வெட்டுத் தழும்பு. ஒரு பெட்டி, ஒரு கிட்டார், கழுத்தில் சிலுவை. கிளப்பில் எல்லோரும் அவனை 'பிராசிலி' என்றார்கள். கோல் அடிக்கிற இடத்துக்கு ஆள் வேண்டும் என்று வரவழைத்திருந்தார்கள். அவனுக்குப் போர்ச்சுகீசு தவிர வேறு மொழி தெரியாது. கோச் எகிப்துக்காரர், அவருக்கு அரபியும் விசிலும்தான் தெரியும்.

இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் ஸ்டோர்கீப்பர். ஜெர்சி துவைப்பது, பூட்ஸுக்குப் பாலிஷ் போடுவது, பந்துகளை எண்ணிப் பூட்டுவது எல்லாம் அவர் வேலை. கோவாக்காரர், என் அப்பா வயது. போர்ச்சுகீசியர் கோவாவை ஆண்ட காலத்தில் பாதிரியார் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அந்த மொழியைப் பேசி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. பிரேசில்காரன் பஸ்ஸிலிருந்து இறங்கி, யாரையும் பார்க்காமல் தனக்குத்தானே ஏதோ முனகினான். ஓரமாக நின்றிருந்த கோவாக்காரர் அதற்குப் பதில் சொன்னார். அவன் பெட்டியைக் கீழே போட்டுவிட்டு அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். அவர் செருப்பு கழன்று விழுந்தது.

அன்று முதல் முதீரின் அறையில் கோவாக்காரருக்கு ஒரு நாற்காலி வந்தது. அதுவரை அவர் அந்த அறைக்குள் வந்தால் வாசலோடு நின்று பேசிப் போகிறவர். இப்போது பிரேசில்காரன் ஒரு பக்கம், முதீர் எதிரே, நடுவில் கோவாக்காரர். பிரேசில்காரன் போர்ச்சுகீசில் சொல்வதை அவர் ஹிந்தியில் சொல்வார். அங்கே கடை கண்ணிக்குப் போகிற அரபிகளுக்கெல்லாம் ஹிந்தி தெரியும். முதீருக்கு நன்றாகவே தெரியும். எனக்கும் அதற்குள் ஓரளவு பிடிபட்டிருந்தது. ஆகவே கோவாக்காரர் சொல்கிற பாதி எனக்குப் புரியும்.

முதல் வாரமே பிரேசில்காரன் அறைக்குள் புயல் மாதிரி வந்தான். உட்காரவில்லை. தரையைக் காட்டினான், ஜன்னல் வழியாக மைதானத்தைக் காட்டினான், விசில் ஊதுவது போல வாயைக் குவித்துக் காட்டி மேசையில் ஓங்கி அடித்தான். என் டைப்ரைட்டரின் மணி அதிர்ந்து ஒலித்தது. முதீர் கோவாக்காரரைப் பார்த்தார்.

"என்ன சொல்றான்?"

கோவாக்காரர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "அறை வசதியா இருக்காம். உங்களுக்கு நன்றி சொல்றான். கிரவுண்டுக்கு இன்னும் கொஞ்சம் தண்ணி விட்டா நல்லா ஆடலாம்ங்கிறான்."

"இதுக்கா மேசையில அடிச்சான்?"

"அவங்க ஊர்ல சந்தோஷமா இருந்தா அப்படித்தான் முதீர்."

முதீர் சிரித்துவிட்டார். ஆபீஸ் பையனைக் கூப்பிட்டு கஹ்வா கொண்டுவரச் சொன்னார். ஏலக்காய் போட்ட அந்தக் கசப்புக் காப்பியைச் சின்னக் கிண்ணத்தில் தன் கையாலேயே ஊற்றி, பேரீச்சம்பழத் தட்டையும் பிரேசில்காரன் பக்கம் நகர்த்தினார். அவன் திகைத்துப்போய் முதீரைப் பார்த்தான். பிறகு மெதுவாக உட்கார்ந்தான்.

அவர்கள் போன பிறகு ஸ்டோர் ரூமுக்குப் போய்க் கேட்டேன். "அங்கிள், உண்மையில என்ன சொன்னான்?"

கோவாக்காரர் பூட்ஸில் ஒட்டிய மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். நாங்கள் ஹிந்தியில்தான் பேசிக்கொள்வோம், தமிழில் எழுதுகிறேன்.

"கிரவுண்டு தார் ரோடு மாதிரி இருக்காம். இதுல ஆடுறதுக்குக் கழுதையைக் கூட்டிட்டு வாங்கன்னான். கோச் டிராபிக் போலீஸாம். கூட ஆடுற பையன்க வேலை முடிஞ்சு வந்து தூங்கிக்கிட்டே ஓடுறாங்களாம்."

கடைசியில் சொன்னது உண்மை. ஊர்க்காரப் பையன்கள் எல்லோரும் போலீஸிலோ, ராணுவத்திலோ, முனிசிபாலிட்டியிலோ டியூட்டி பார்த்துவிட்டு வருகிறவர்கள். பாதிப் பேர் பூட்ஸ் கட்டும்போதே கொட்டாவி விடுவார்கள்.

"அப்படியே சொல்லியிருந்தா?"

"சொன்னா அவனுக்கு டிக்கெட் வாங்கச் சொல்லுவாங்க பாபா. கூடவே எனக்கும். கழுதைன்னு சொன்ன வாய் யாருது? அவனுதா, என்னுதா? முதீர் காதுல விழுறது என் குரல்தானே."

அதை நான் தப்பாக நினைக்கவில்லை. வளைகுடாவில் வேலை பார்க்கிற எங்களைப் போன்றவர்கள் எல்லோரும் அப்படித்தான். சைட்டில் போர்மேன் வந்து சாயங்காலத்துக்குள் முடியுமா என்று கேட்டால், முடியாது என்று தெரிந்தும் 'ஆகிடும் சாப்' என்போம். முதலாளி முகத்துக்கு நேரே மாஃபி, அதாவது இல்லை என்று சொல்கிறவனை நான் பார்த்ததில்லை. வீட்டிலும் எனக்கு அது பழக்கம்தான். படிக்கத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் வருகிற கடுதாசியை எல்லாம் நான்தான் அப்பா அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன். பெரிய அத்தை கோபத்தில் ஆள் வைத்து எழுதுகிற வரிகளைத் தாண்டி, 'எல்லாரும் சுகமா என்று கேட்டிருக்கு' என்று முடித்துவிடுவேன். அம்மா நிம்மதியாக அடுப்படிக்குப் போவாள். அதனால் கோவாக்காரர் செய்வது ஒரு நல்ல காரியம் என்றே எனக்குப் பட்டது.

பிரேசில்காரனின் பழைய கதையெல்லாம் ஸ்டோர் ரூமில்தான் வெளியே வந்தது. அவன் பழைய மூட்டையின் மேல் உட்கார்ந்து கிட்டாரைத் தட்டிக்கொண்டே சொல்வான். கோவாக்காரர் எனக்கும் யாழ்ப்பாணத்து அண்ணனுக்கும் ஹிந்தியில் சொல்வார். அங்கே மட்டும் அவர் எதையும் மறைக்கவில்லை.

பதினெட்டு வயதில் அவன் சொந்த ஊர்க் கிளப்பில் ஆடியிருக்கிறான். பாதி ஆட்டத்தில் வெளியே எடுத்த கோச்சின் மேல் பூட்ஸைக் கழற்றி எறிந்திருக்கிறான். பிறகு சாவோ பாவ்லோவில் ஒரு பெரிய கிளப். அங்கே தலைவரின் மருமகனும் அதே இடத்தில் ஆடுகிறவன். 'உன் மருமகனுக்குக் கால் இரண்டும் இடது' என்று தலைவரிடமே சொன்னதால், ஒரு சீசன் முழுக்க அவனைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அங்கிருந்து போர்ச்சுகல். அங்கே உடை மாற்றும் அறையில் சண்டை. கன்னத் தழும்பு அதன் மிச்சம். அதற்கு அடுத்து குவைத்தில் ஒரு கிளப். அங்கே எத்தனை நாள் தாங்கினான் என்று கேட்டதற்குக் கோவாக்காரர் சிரித்துக்கொண்டே கையை விசிறினார்.

"எல்லா இடத்திலயும் வாய்தானே உவனுக்குப் பிரச்சினை. கால் நல்ல கால்" என்றார் யாழ்ப்பாணத்து அண்ணன்.

நான் அதை ஹிந்தியில் சொல்ல, கோவாக்காரர் மொழிபெயர்த்தார். பிரேசில்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு கிட்டாரை ஓரமாக வைத்துவிட்டு நிதானமாக ஏதோ சொன்னான். கோவாக்காரர் உடனே சொல்லவில்லை. நாங்கள் கேட்டபோது, பாலிஷ் டப்பாவை மூடியபடி சொன்னார்.

"இந்த ஊர்க்காரங்க பெரிய மனசுக்காரங்கன்னு சொல்றான். எந்த நாட்டிலயும் இவன் உண்மையைச் சொன்னா வெளியே போன்னாங்களாம். இங்க மட்டும்தான் திட்டத் திட்டக் காப்பி கொடுக்கிறாங்களாம். முதீரை மாதிரி ஒரு முதலாளியைப் பார்த்ததே இல்லையாம்."

யாழ்ப்பாணத்து அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் ஆடியதைப் போல யாரும் ஆடி நான் பார்த்ததில்லை. பார்த்ததே அவனைத்தானே என்று அண்ணன் கேலி செய்வார். வெள்ளிக்கிழமை சாயங்கால ஆட்டங்களுக்கு நானும் பஸ்ஸில் போவேன். அவன் பந்தை நெஞ்சில் வாங்கி, அது தரையில் விழுவதற்குள் திரும்பிவிடுவான். எதிர் அணிக்காரன் அவன் இருந்த இடத்தை உதைத்துக்கொண்டிருப்பான். கோல் விழுந்ததும் முதீர் உட்கார்ந்திருக்கும் பக்கம் ஓடி வந்து கையை நெஞ்சில் வைத்துக் குனிவான். அரபிகள் செய்கிற மரியாதை அது. யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே பிடித்துக்கொண்டான்.

"பைத்தியக்காரன்னு சொல்லித்தான் குவைத்திலேர்ந்து அனுப்பினாங்க" என்று முதீர் ஒரு நாள் என்னிடமே சொன்னார். "பார், ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கான். மனுஷனை நடத்தத் தெரியணும்."

வலது முழங்காலில் வீக்கம் வந்தது சீசனின் முடிவில். முதலில் ஆட்டம் முடிந்த பிறகு மட்டும் இருந்தது. பிறகு காலையிலும் இருந்தது. கோவாக்காரர்தான் தினமும் துண்டில் ஐஸ் கட்டி வைத்து ஒத்தடம் கொடுத்தார். வீட்டில் மீன் குழம்பு வைத்துப் பாத்திரத்தில் எடுத்து வந்து, ஐஸ் கரைகிற வரை அவனைச் சாப்பிட வைப்பார். அங்கே விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை காலையில் இருவரும் சேர்ந்து சர்ச்சுக்குப் போவார்கள்; அவன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நடப்பதை ஒருமுறை பஸ் ஸ்டாப்பிலிருந்து பார்த்தேன். அவருக்கு அவன் மேல் பாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

கோப்பை ஆட்டம் நெருங்கியது. அதற்கு முந்தின நாள் அவன் அறைக்குள் வந்தான். அன்று கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக் காட்டினான். மூட்டு எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் வீங்கியிருந்தது. நெடுநேரம் பேசினான். முழங்காலைத் தொட்டான், கழுத்துச் சிலுவையைத் தொட்டான், இரண்டு கைகளாலும் ஒரு குச்சியை ஒடிப்பது போலக் காட்டினான்.

முதீர் முகம் வாடிவிட்டது. "என்ன சொல்றான்?"

கோவாக்காரர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

"வலி இருக்காம் முதீர். ஆனா... உங்களுக்காக ஆடுவேன்ங்கிறான். இன்ஷா அல்லாஹ், சரியாயிடும்ங்கிறான்."

அவன் குச்சி ஒடிப்பதுபோலக் காட்டியது ஆடுவதற்கான வார்த்தையாக எனக்குத் தோன்றவில்லை. மேசையிலிருந்து எழுந்துவிட்டேன். "முதீர், கால் ரொம்ப வீங்கியிருக்கு. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை..." என்று ஆரம்பித்தேன்.

"டாக்டர் ஊசி போடுவார். மாஃபி முஷ்கில்" என்றார் முதீர். ஒரு பிரச்சினையும் இல்லை என்று அர்த்தம். அவர் கண் கலங்கியிருந்தது. எழுந்து போய்ப் பிரேசில்காரனைத் தூக்கி நிறுத்தி, அவன் மூக்கோடு மூக்கு வைத்து, நெற்றியில் முத்தமிட்டார். நெருங்கிய சொந்தத்துக்குச் செய்கிற மரியாதை அது. பிரேசில்காரனும் கண் கலங்கினான். ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். தன் பேச்சு கேட்கப்பட்டது என்றே அவன் நம்பி வெளியே போனான்.

மறுநாள் ஆட்டத்துக்குப் புறப்படும்போது அவன் பேர் ஆடுகிறவர்கள் பட்டியலில் இருந்தது. அவன் கோவாக்காரரைத் தேடி ஸ்டோருக்குள் போனான். நான் தண்ணீர்க் கேன்களைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே இருவரும் பேசுவது கேட்டது. அவன் குரல் ஒருமுறை உயர்ந்தது, கோவாக்காரர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே இருந்தார். வெளியே வந்தபோது பிரேசில்காரன் ஒரு பெருமூச்சு விட்டு, என் தலையில் லேசாகத் தட்டிவிட்டுப் பஸ்ஸில் ஏறினான்.

"என்ன அங்கிள் சொன்னீங்க?"

"அரை மணி நேரம் ஆடினாப் போதும், முதீர் உன்கிட்ட கெஞ்சிக் கேக்கிறார்னு சொன்னேன்" என்றார். பிறகு என் கையிலிருந்த கேனை வாங்கித் தானே ஏற்றினார். "முதீர் கேக்கிறார்னா ஆடுறேன்னுட்டான்."

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. யாரும் அவன் பக்கத்தில் இல்லை. பந்து வந்தது, வழக்கம்போல நெஞ்சில் வாங்கித் திரும்பினான். உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. நான் உட்கார்ந்திருந்த இடம் தூரம். ஆனால் அவன் கத்தியது கேட்டது. யாழ்ப்பாணத்து அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு, "முடிஞ்சுது. ஐயோ, முடிஞ்சுது தம்பி" என்றார்.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னதை நான்தான் கோவாக்காரருக்குச் சொன்னேன்: நடக்கலாம், பந்தயத்தில் ஓட முடியாது. அவர் கட்டிலருகே போய் நின்று என்னவோ சொன்னார். பிரேசில்காரன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு புன்னகை செய்தான். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதைக் கேட்கவில்லை.

கோப்பை போனதும் எகிப்து கோச்சை அனுப்பிவிட்டார்கள். புதிதாக வந்தவர் பிரேசில்காரர், நரைத்த தலை. சில வருஷம் ஐரோப்பாவில் இருந்ததால் ஆங்கிலம் பேசுவார். அவர்தான் பதினெட்டு வயதில் இவன் பூட்ஸ் எறிந்த கோச் என்று பிறகு தெரிந்தது. வந்ததும் முதல் வேலையாக ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். அங்கிருந்து திரும்பியவர் நேராக முதீர் அறைக்கு வந்தார்.

"பையன் ஆட முடியாதுன்னு சொன்னானாம். இன்னும் ஒரு ஆட்டம் ஆடினா கால் போயிடும்னு உங்ககிட்டயே சொன்னானாம். ஏன் இறக்கினீங்க?"

ஆங்கிலத்தில் கேட்டார்; நான் முதீருக்கு ஹிந்தியில் சொன்னேன். ஒரு எழுத்தைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. முதீர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"யார் சொன்னது? ஆடுறேன்னு அவன்தான் சொன்னான். இதே அறையில. இந்தப் பையனும் இருந்தான்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு முதீரின் பார்வை மட்டும் என்னைத் தாண்டி அந்த நடு நாற்காலிக்குப் போனது. அது காலியாக இருந்தது.

பிரேசில்காரன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று எல்லோரையும் அந்த அறையில் உட்கார வைத்தார்கள். அவன் ஊன்றுகோலை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டான். புதிய கோச் அவன் பக்கத்தில். கோவாக்காரர் நாற்காலியில் உட்காரவில்லை. பழைய நாட்களைப் போல வாசலோடு நின்றார். பஸ்ஸுக்கு டீசல் சீட்டு வாங்க வந்ததுபோல யாழ்ப்பாணத்து அண்ணனும் உள்ளே வந்து நின்றார். அடிதடி ஆனால் பிடித்து விலக்கத்தான் வந்ததாகப் பிறகு சொன்னார்.

பிரேசில்காரன் கோவாக்காரரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டான். கோச் அதை ஆங்கிலத்தில் எங்களுக்குச் சொன்னார்.

"முதல் நாளிலிருந்தா?"

கோவாக்காரர் ஆமாம் என்று தலையை அசைத்தார்.

பிரேசில்காரன் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கோச்சுகளின் மேல் பூட்ஸ் எறிந்தவன், தலைவர்களோடு மல்லுக்கு நின்றவன். ஊன்றுகோலைத் தூக்கிவிடுவானோ என்று நான் பயந்தேன். அவன் தூக்கவில்லை. இன்னொரு கேள்வி கேட்டான். கோச் அதை மொழிபெயர்க்கச் சற்றுத் தயங்கினார்.

"அப்போ அந்தக் காப்பியெல்லாம் எதுக்குன்னு கேக்கிறான்."

கோவாக்காரர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். போர்ச்சுகீசும் ஹிந்தியும் கொங்கணியும் கலந்து ஏதேதோ வந்தது. நல்லதுக்குத்தான் செய்தேன் என்றார். உன்னை எல்லா இடத்திலும் துரத்தினார்கள், இங்கேயாவது நிலைக்கட்டும் என்று நினைத்தேன் என்றார். எனக்கும் ஊரில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார்.

முதீர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார். "சொல்லியிருந்தா உட்கார வச்சிருப்பேன். கத்தியிருப்பேன், அன்னிக்கு எல்லாரையும் திட்டியிருப்பேன். ஆனா உட்கார வச்சிருப்பேன்."

அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. கோப்பை மேல் அவருக்கு இருந்த ஆசை எல்லோருக்கும் தெரியும். ஒருவேளை உட்கார வைத்திருக்க மாட்டார். ஆனால் வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பே அவருக்குத் தரப்படவில்லை. நாங்களாகவே எங்கள் பயத்தில் ஒரு முதீரைச் செய்து, அந்த முதீருக்குத் தகுந்தபடி பேசிக்கொண்டிருந்தோம்.

"இதை அவனுக்குச் சொல்லு" என்றார் முதீர்.

நான் அதைக் கோச்சுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். கோச் வாயைத் திறந்தார். பிரேசில்காரன் கையை உயர்த்தி அவரைத் தடுத்து, வாசல் பக்கம் காட்டினான். அவர்தான் சொல்ல வேண்டும் என்றான்.

கோவாக்காரர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார். இம்முறை முதீர் பேசிய அளவுக்கே இருந்தது அவர் பேச்சும். கோச் கவனமாகக் கேட்டு, சரி என்பதுபோலத் தலையை ஆட்டினார். பிரேசில்காரன் ஊன்றுகோலைத் தரையில் ஊன்றி எழுந்தான். அண்ணன் ஓடிப்போய்த் தாங்கப் போனார். வேண்டாம் என்று விலக்கிவிட்டு வெளியே போனான்.

கோவாக்காரரை முதீர் வேலையை விட்டு நீக்கவில்லை. அதைப் பற்றி அதன் பிறகு பேசவும் இல்லை. நாற்காலியை மட்டும் எடுத்துப் போகச் சொன்னார். நான்தான் அதைத் தூக்கிப்போய் ஹாலில் போட்டேன். கோவாக்காரர் மறுநாளும் ஜெர்சி துவைத்தார், பந்துகளை எண்ணிப் பூட்டினார். புதிய கோச் அவரிடம் அவர்கள் மொழியில் ஏதாவது கேட்டால் ஆங்கிலத்தில் 'எஸ் சார்' என்று மட்டும் சொல்வார்.

"அவர்கிட்ட யாரும் கதைக்கிறதில்லைப் போல" என்றேன், அண்ணனுடைய பேச்சு என் வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னத்தைக் கதைக்கிறது" என்றார் அண்ணன். "நீரும் நானும் ஸ்டோருக்குள்ள இருந்து சிரிச்சனாங்கள்தானே."

பிரேசில்காரன் ஊர் திரும்பிய அன்று நானும் அண்ணனும்தான் அவனைத் துபாய் ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப் போனோம். கோச்சுக்குப் பயிற்சி இருந்தது. கோவாக்காரர் காலையிலேயே ஸ்டோரைத் திறந்துவைத்துவிட்டு உள்ளே இருந்தார். பஸ் நகரும்போதும் வெளியே வரவில்லை. பிரேசில்காரன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. கிட்டாரை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தான். பெரிய பஸ்ஸில் மூன்று பேர். வழியெல்லாம் காலி இருக்கைகள் கடகடவென்று ஆடின.

ஏர்போர்ட்டில் அண்ணன் பஸ்ஸை நிறுத்த இடம் தேடிப் போனார். நான் பெட்டியை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு அவன் வேகத்துக்கு நடந்தேன். உள்ளே போகும் கதவுக்குச் சற்று முன்னால் அவன் நின்றான். என் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தான்.

நீளமாகப் பேசினான். அவசரப்படவில்லை. நடுவில் முழங்காலைத் தொட்டான். வந்த வழியைக் காட்டினான். ஒரு இடத்தில் நிறுத்திச் சொல்லைத் தேடினான், பிறகு கிடைத்துவிட்டது போலத் தொடர்ந்தான். அந்த ஊரில் அவன் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடிக்கிறான் என்று மட்டும் தெரிந்தது. கேள்வி போலவும் ஒன்று வந்தது. கண்ணை என் முகத்திலிருந்து எடுக்கவில்லை.

எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. புரியவில்லை என்று கையை விரித்துக் காட்டியிருக்கலாம். அவனைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று தோன்றியது. முகத்தைக் கனிவாக வைத்துக்கொண்டு, ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

அவன் என் தலை ஆடுவதைப் பார்த்தான். பேச்சைப் பாதியில் நிறுத்தினான். வண்டியிலிருந்து பெட்டியைத் தானே இறக்கிக்கொண்டு, கிட்டாரைத் தோளில் மாட்டி, கதவுக்குள் நுழைந்து போனான்.